கடலோர டர்பனில் ஒரு வாகிசாஷி: நான்கு வருட அனுபவம்

சொல்லிச் செய்த வாகிசாஷி, அதாவது ஜப்பானியக் குறுவாள், கைக்கு வந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. வந்த புதிதில் எழுதியிருந்தால் அலகின் அழகை மட்டும்தான் பேசியிருப்பேன். இப்போது உறையைப் பற்றித்தான் அதிகம் சொல்லத் தோன்றுகிறது.

ஜப்பானிலிருந்தே வரவழைத்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கே உரிமம் பெற்ற கொல்லர் மட்டும்தான் வாள் அடிக்கலாம். அவரும் மாதத்துக்கு இரண்டு நீள வாள், இல்லையென்றால் மூன்று குறுவாள்தான் செய்யலாம். அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது. தென்னாப்பிரிக்காவில் கையால் கத்தி செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஹாவிக் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் முன்பணம் கொடுத்தேன்.

வாகிசாஷி என்றால் அலகு, ஜப்பானிய நீள அளவில், ஒரு ஷாகுவுக்கும் இரண்டு ஷாகுவுக்கும் இடையில், அதாவது சுமார் 30 முதல் 60 செ.மீ. இருக்க வேண்டும். நான் 45 கேட்டேன். உருக்கு 1095, கலப்பு அதிகமில்லாத கரி உருக்கு. அவர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்: உள்ளங்கை எவ்வளவு அகலம், எதை வெட்டுவாய், எங்கே வைப்பாய்? மூன்றாவதுக்கு "வீட்டில்தான்" என்று சொல்லிவிட்டேன். வீடு டர்பனின் பிளஃப் பகுதியில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருப்பதைச் சொல்லவில்லை. பின்னால் பட்ட பாட்டில் பாதி அந்த ஒரு பதிலால் வந்தது.

ஐந்து மாதம் என்றார், ஒன்பது ஆனது. முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வாய்ப்பக்கம் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும், முதுகு மெல்ல ஆறி வளைந்து கொடுக்கும் பதத்தில் நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தெரிகிற வெண்மூட்டம்தான் ஹாமோன். முதல் அலகு அந்தத் தோய்ச்சலிலேயே விரிசல் விட்டுவிட்டது. மனிதர் மறைக்காமல் போன் போட்டுச் சொன்னார். எனக்குத் திருப்பாச்சேத்திப் பக்கம். அரிவாள் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு, தண்ணீரில் இரும்பு சீறும் அந்த நொடியில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று தெரியும். தாமதத்துக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குறை சொல்ல வேண்டியது கைப்பிடியில். திருக்கைத் தோலை முழுச் சுற்றாகப் போடச் சொல்லியிருந்தேன். இரண்டு பக்கமும் பட்டையாக ஒட்டி, மேலே நாடா சுற்றி அனுப்பிவிட்டார். ஒரு வருடத்தில் நாடா தளர்ந்து, வெட்டும்போது கைக்குள் நகர ஆரம்பித்தது. என் செலவில் அவிழ்த்து, முழுத்தோல் போட்டு மறுபடி கட்டினேன். அன்றிலிருந்து அசையவில்லை. ஹாமோன் இன்னும் கொஞ்சம் நெளிநெளியாக வேண்டும் என்று கேட்டு அதற்குக் கூடுதல் பணம் கொடுத்தவன் நான். அந்தப் பணத்தைப் பிடிக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பிடியையும் அலகையும் சேர்த்து நிறுத்துவது ஒரே ஒரு மூங்கில் ஆணி, மெக்குகி. அது தளர்ந்தால் வீசும்போது அலகு கழன்று பறக்கும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உருவுவேன். இரண்டாம் வருடம் புதிதாகச் செதுக்கினேன். மூங்கிலின் வெளிப்புறத்தில்தான் நார் நெருக்கமாக இருக்கும், அந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

உறைக்கு ஜப்பானில் ஹோனோகி மரம். இவர் ஒரு பழைய வீட்டின் தரைப்பலகையிலிருந்து எடுத்த யெல்லோவுட் என்ற உள்ளூர் மரத்தைக் குடைந்திருந்தார். இரண்டு பாதியையும் ஒட்டியது சோற்றுப்பசையால்! சின்ன வயதில் பட்டம் ஒட்டிய அதே பருக்கை. வேண்டும்போது பிளந்து சுத்தம் பண்ண வசதி என்றார். அதன் அருமை முதல் கோடையில் தெரிந்தது. ஜனவரிப் புழுக்கத்தில் ஒரு நாள் உருவினால், ஹபாகிக்கு (அலகின் அடியில் இருக்கும் உலோகப் பூணுக்கு) கீழே குண்டூசித்தலை அளவில் ஏழெட்டுத் துரு. உப்புக்காற்றுக்குப் பயந்து எண்ணெயை வழிய வழிய விட்டிருந்தேன். அது மரத்தில் ஊறி, தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டது. உறையின் தையலில் மெல்லிய கத்தியை நுழைத்துத் திருகினேன். பட்டென்று பிளந்தது. உள்ளே கறுத்த பிசுக்கைச் சுரண்டி, இரண்டு நாள் காயவிட்டு, சோற்றை மைய அரைத்து ஒட்டினேன். இப்போது மருந்துக்கடை மினரல் ஆயிலில் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய், பழைய வேட்டித் துணியால் ஒரே ஒரு தடவல், கண்ணுக்குத் தெரியாத படலம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சிக்குப் பிடிக்கும்.

இன்னொரு துரு ஆயுத பூசையில் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காம என்னப்பா பூசை?" என்று அலகிலேயே சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். மறுநாள் காலையில் துடைத்தால் பொட்டு வட்டமாகத் துரு. அவசரத்தில் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தேன், அந்த இடத்தில் ஹாமோன் மங்கிப் போனது. இன்றும் வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். இப்போது பொட்டு உறைக்கு. அம்மாவுக்கும் சம்மதம்.

வெட்டிப் பழக தத்தாமி என்ற ஜப்பானியக் கோரைப்பாய் வாங்கிக் கட்டுப்படியாகாது. வார்விக் சந்தையில் கிடைக்கும் ஜூலுப் பாயை இரவெல்லாம் ஊறவைத்துச் சுருட்டி நிறுத்துகிறேன். தத்தாமிக்கான இகுசாவும் இந்தப் பாய்க்கான இன்செமாவும் ஒரே ஜுன்கஸ் பேரினத்துக் கோரைகள். வெட்டுப்பட்ட முகம் அரைத்த சந்தனக்கட்டை மாதிரி வழவழப்பாக வந்தால் கோணம் சரி, நார் பிசிறினால் என் மணிக்கட்டு தப்பு. நான்கு வருடத்தில் வாயில் ஒரு பொக்கு விழவில்லை. உருக்கும் தோய்ச்சலும் கொடுத்த காசுக்கு மேலேயே செய்திருக்கின்றன.

பயிற்சிக்கு எடுத்துப் போகும்போது பூட்டிய பையில், காரின் டிக்கியில். 2013-ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டம் விளையாட்டுக்கும் சேகரிப்புக்கும் இடம் விடுகிறது. ஆனால் தப்பான காரியத்துக்கோ என்று நியாயமான சந்தேகம் வரும்படி வைத்திருந்தாலே குற்றம்.

போன மாதம் அதே மனிதரிடம் 24 செ.மீ. டான்டோ (ஜப்பானியக் குத்துவாள்) ஒன்று சொல்லியிருக்கிறேன். திருக்கைத் தோல் முழுச் சுற்று என்று எழுதி வாங்கிக்கொண்டேன். கடல் எவ்வளவு பக்கம் என்பதையும், அவர் கேட்குமுன் சொல்லிவிட்டேன்.