ஆராய்ச்சிக்குப் பணம்: வங்கிக் கடனா, பங்கு முதலீடா?

இயந்திரம் வாங்கக் கடன் கேட்டால், அந்த இயந்திரத்தையே வங்கி ஈடாக எடுத்துக்கொள்ளும். ஆராய்ச்சிக்கு எதைக் காட்டுவது? செலவில் பெரும்பகுதி விஞ்ஞானிகளின் சம்பளம். முயற்சி தோற்றால் விற்றுக் கடனை அடைக்க அதிகம் மிஞ்சாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

பங்கு முதலீட்டில் இந்த நெருக்கடி இல்லை: பணம் போடுபவர் வட்டி கேட்பதில்லை, நிறுவனத்தின் உரிமையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். ஜெர்மனியின் பயோஎன்டெக் மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல் தொடங்கியபோது, தொழிலதிபர்களான ஸ்ட்ரூங்மன் சகோதரர்கள் பணம் போட்டார்கள். 2019 அக்டோபரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தபோதும், அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட அதன் கையில் இல்லை. எந்த வங்கி அத்தனை காலம் பொறுத்திருக்கும்? இதற்கும் விலை உண்டு: மிகப் பெரிய பங்குதாரர்கள் அந்தச் சகோதரர்கள்தான், நிறுவிய விஞ்ஞானிகள் அல்ல. ஆய்வின் தொடக்கத்தில் நிற்கும் நிறுவனத்துக்கு, அந்த விலையைக் கொடுத்தாலும் தகும் என்றே சொல்வேன்.

சரி, கடனுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, பின்னால் யாராவது தாங்கினால். 2019 டிசம்பரில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குச் சொந்தமான ஐரோப்பிய முதலீட்டு வங்கி அதே நிறுவனத்துக்கு 5 கோடி யூரோ கடன் தர ஒப்புக்கொண்டது. 2020 ஜூனில், கொரோனா தடுப்பூசிக்காக மேலும் 10 கோடி யூரோ. இரண்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தரவாதம் துணை நின்றது. சாதாரண வணிக வங்கியிடம் பெரும்பாலும் அப்படி ஒரு துணை இருக்காது.