கோத்தகிரி மழையும் விர்ச்சுவல்பாக்ஸும்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

உபுண்டு டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்), அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியும் விண்டோஸ் 11உம். கோத்தகிரியில் அன்றாட வேலைக்கு ஓடும் ஏற்பாடு இது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பேஜ்மேக்கர் கோப்புகளும், 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள ஸ்கேனரும் இருக்கும்வரை எக்ஸ்பியைக் கைவிட முடியாது.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) விர்ச்சுவல் மெஷினுக்கு உதவும் விடி-எக்ஸ் வசதி (ஏஎம்டி பிராசசர் என்றால் எஸ்விஎம்) ஆன் ஆகியிருக்க வேண்டும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் 11க்கு 6 ஜிபியும் 2 கோரும் கொடுத்தால் அலுவலக வேலை தாராளமாக நடக்கும். அது கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பை விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் மென்பொருளாகவே தருகிறது. எக்ஸ்பிக்கு 512 எம்பி போதும். அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால் நெட்வொர்க்கை அணைத்துவிட்டு, கோப்புகளை ஷேர்டு ஃபோல்டர் வழியாக மட்டும் மாற்றுவது நல்லது. விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி பட்டியலில் ஸ்கேனர் வரவில்லையா? உபுண்டுவில் உங்கள் பயனர் பெயரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி நுழையுங்கள்.

உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், கரண்ட் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போகும். நேரடியாக நிறுவிய விண்டோஸ் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். விர்ச்சுவல் மெஷின் அவ்வளவு எளிதில் தாங்காது. காரணம் இரண்டு. எக்ஸ்பி நிறுவல் சிடியில் சாட்டா (புதிய வகை டிஸ்க் இணைப்பு) டிரைவர் இல்லாததால் அதற்குப் பழைய வகையான ஐடிஇ கன்ட்ரோலர்தான் தருகிறோம். ஐடிஇயில் 'ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ்' இயல்பாகவே ஆன். எக்ஸ்பி டிஸ்கில் எழுதியாயிற்று என்று நம்பும் தரவு, உபுண்டுவின் ரேமிலேயே காத்திருக்கும். அதோடு, 'இப்போதே டிஸ்கில் எழுது' என்று உள்ளிருக்கும் ஓஎஸ் இடும் ஃபிளஷ் கட்டளையை வேகத்துக்காக விர்ச்சுவல்பாக்ஸ் புறக்கணிக்கிறது. அந்த நொடியில் கரண்ட் போனால் கோப்பு முறைமை உடையும்.

எனவே ஸ்டோரேஜ் அமைப்பில் அந்தக் கேஷை அணையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைவரிக் கருவியான விபாக்ஸ்மேனேஜின் 'செட்எக்ஸ்ட்ராடேட்டா' மூலம் ஒவ்வொரு டிஸ்குக்கும் 'இக்னோர்ஃபிளஷ்' மதிப்பை 0 ஆக்குங்கள். எழுதும் வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும், மலையில் இது கட்டாயம்.

யூபிஎஸ் இருந்தால், கரண்ட் போனதும் ஷட்டவுனுக்குக் காத்திருக்காமல் 'சேவ் ஸ்டேட்' கொடுங்கள். ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதி நிறுத்திவிடும். 4 ஜிபி ரேம் முழுவதையும் எழுத நேர்ந்தால், வழக்கமான ஹார்டு டிஸ்கில் முக்கால் நிமிடம் வரை ஆகலாம், எஸ்எஸ்டியில் சில நொடிகளே. திரும்பத் திறக்கும்போது கடிகாரம் பின்தங்கியிருந்தால் இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும்; கெஸ்ட் அடிஷன்ஸ் (உள்ளிருக்கும் ஓஎஸ்ஸில் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) நிறுவியிருந்தால் தானே சரியாகிவிடும். புதிதாக வாங்குவோருக்கு, டெஸ்க்டாப்பும் யூபிஎஸ்ஸும் சேர்த்து வாங்குவதைவிட நல்ல பேட்டரியுள்ள லேப்டாப்பே என் தேர்வு.

ஸ்னாப்ஷாட்டை (மெஷினின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து, பிறகு அதற்கே திரும்ப உதவும் வசதி) பேக்கப் என்று நம்பவேண்டாம். ஒவ்வொன்றும் மூல டிஸ்க் கோப்பைச் சார்ந்த வேறுபாட்டுக் கோப்பு மட்டுமே. மூலம் கெட்டால் எல்லாம் போச்சு. ஸ்னாப்ஷாட்டை நீக்கும்போது இரண்டு கோப்புகளும் இணைக்கப்படும். அதற்குக் காலி இடமும் நேரமும் வேண்டும். மழை பெய்யும் மாலையில் அந்த வேலையைத் தொடவே கூடாது. மெஷினை முழுமையாக ஷட்டவுன் செய்து, அதன் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்றும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.