தனியாகச் செய்து வாங்கும் டேபிள் டென்னிஸ் பிளேடு: முழுப் பணத்தையும் முதலிலேயே அனுப்பிவிடாதீர்கள்

உங்கள் கைக்கும் ஆட்டத்துக்கும் ஏற்ற மாதிரி பிளேடு, அதாவது ரப்பர் ஒட்டாத வெறும் மர மட்டை, செய்து தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் 9,500 ரூபாய் கட்டி, மூன்று மாதம் காத்திருந்து, கடைசியில் ஆட முடியாத ஒரு பொருளை வாங்கி வைத்திருக்கிறேன். நங்கநல்லூரில் எங்களோடு ஆடும் பையன்கள் இரண்டு பேர் அதே ஆளிடம் விலை பேசிக்கொண்டிருப்பது நேற்றுதான் தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினோரு வருடமாக ஒரே மரப் பிளேடில் ஆடுகிறேன், ஐந்து அடுக்கு, கார்பன் எதுவும் கிடையாது. கொஞ்சம் வேகம் வேண்டும் என்று தோன்றியது. விஸ்காரியா மாதிரி கார்பன் வைத்த கம்பெனி பிளேடு ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால் விலை என் கைக்கு எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் மூலம் இந்த ஆளின் வாட்ஸ்அப் எண் கிடைத்தது. நன்றாகத்தான் பேசினார். வெளியே கோட்டோ மரம், அதற்கு அடியில் கார்பன் கலந்த நார், அப்புறம் லிம்பா மரம், நடுவில் கிரி மரம், தடிமன் 5.8 மில்லிமீட்டர், எடை 86 கிராம், இரண்டு கிராம் கூடக்குறைய இருக்கலாம், அடிப்பக்கம் விரிந்த ஃபிளேர் பிடி, என் உள்ளங்கை அகலம் என்பதால் பிடி கொஞ்சம் பருமனாக. எல்லாவற்றுக்கும் "பண்ணிடலாம் சார்" என்றார். இருபது நாளில் தருவதாகச் சொல்லி முழுப் பணத்தையும் ஜிபேயில் வாங்கிக்கொண்டார். பில் கேட்டேன், பொருளோடு வரும் என்றார். வரவில்லை.

பிளேடு வந்தது நவம்பர் கடைசியில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த வாரம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் சமையலறைத் தராசில் வைத்தேன். 98 கிராம். பன்னிரண்டு கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று ஆடாதவர்கள் கேட்கலாம். இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டினால் அதுவே தொண்ணூறு, நூறு கிராம் கூடிவிடும். அதற்கு மேல் தலைப்பக்கம் கனமாக இருந்தால் மேசைக்கு மேலேயே பேக்ஹேண்டில் பந்தைத் தட்டி எடுக்கும்போது மணிக்கட்டு திரும்பவே திரும்பாது, எனக்கு ஒவ்வொரு முறையும் பந்து முந்திக்கொண்டது. கிரி மிக லேசான மரம், அதை நடுவில் வைப்பதே எடை குறையத்தான். உள்ளே உண்மையிலேயே கிரி இருந்தால் இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது? வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனைப் பார்த்தால் ஒரு ஓரம் 5.9 மில்லிமீட்டர், எதிர் ஓரம் 6.3. இவ்வளவு பார்த்த பிறகும், மூன்று மாதம் காத்திருந்துவிட்டோமே, ஆடிப் பார்க்கலாம் என்று புது ரப்பர் இரண்டை வெட்டி ஒட்டினேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன், அளவெல்லாம் சரிபார்த்து முடிக்கும்வரை ரப்பர் ஒட்டியிருக்கவே கூடாது.

இரண்டு வாரம் ஆடியதில் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் படும் இடம் கூர்மையாக அறுத்தது. இது புதுப் பிளேடில் சாதாரணமாக இருப்பதுதான், உப்புத்தாளை வைத்து லேசாகத் தேய்த்து உருட்டிவிடுவோம். தேய்த்தேன். ஓரத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மெல்லிய கறுப்புக் கோடு ஓடுமில்லையா, அதுதான் கார்பன். நாலு தேய்ப்பில் அந்தக் கோடு காணாமல் போய்விட்டது! உள்ளே கார்பன் இருந்தால் தேய்க்கத் தேய்க்கப் புதுக் கறுப்பு வந்துகொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அது பிளேடின் குறுக்கே முழுக்கப் போகும் அடுக்கு. இங்கே வெறும் வெளிறிய மரம் தெரிந்தது. சந்தேகம் வந்து, தேய்க்காத இடத்தில் பஞ்சில் கொஞ்சம் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ரப்பரை உரித்ததும் அடுத்தது. மேலே ஒட்டிய மெல்லிய கோட்டோ மரத்தகடு (வினீர்) ரேகை வழியே ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரோடு பெயர்ந்து வந்தது, மரம் பெயராமல் இருக்க மேலே பூசும் சீல் அடிக்காமலே அனுப்பியிருக்கிறார். பெயர்ந்த இடத்தில் அடுத்த அடுக்கின் ரேகை தெரிந்தது, அதுவும் மேல் அடுக்கு ஓடும் அதே திசையில். எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குறுக்க வைக்கவேண்டியத நெடுக்க வச்சிருக்கான் தம்பி, இது வளையாம என்ன பண்ணும்" என்றார். எஃகு ஸ்கேலை மேலே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார், நடுவில் வெளிச்சம் கசிந்தது. பிளேடு தட்டையாக, வளையாமல் இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. இந்தப் பேட்டோடு போட்டிக்குப் போனால் நடுவர் தூக்கி ஓரமாக வைக்கச் சொல்லலாம்.

செய்தவரிடம் எல்லாப் படங்களையும் அனுப்பினேன். "நம்ம ஊர் ஈரக்காத்துல எந்த பிளேடும் அப்படித்தான் சார் ஆகும்" என்றார். அதே அலமாரியில் பதினோரு வருடம் கிடக்கும் என் பழைய பிளேடுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். "கஸ்டம் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது சார்." மார்க்கர் கோட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை, அன்றைக்கு இரவே என்னை பிளாக் செய்துவிட்டார்.

நஷ்டம் 9,500 ரூபாயோடு முடியவில்லை. ரப்பர் ஒட்டும் தலைப்பகுதியின் அளவு 157-க்கு 150 மில்லிமீட்டர் என்று பேசியிருந்தோம், வந்தது 154-க்கு 147. ரப்பரை அந்த அளவுக்கு வெட்டிவிட்டதால் பழைய பிளேடில் ஒட்டினால் சுற்றிலும் மரம் தெரிகிறது, ஓரத்தில் பந்து பட்டால் எங்கேயோ போகிறது. இரண்டு ரப்பரும் வீண்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரப்பருக்குச் சர்வதேசச் சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியல் உண்டு, அதில் இல்லாத ரப்பரோடு சர்வதேசப் போட்டியில் ஆட முடியாது. பிளேடுக்கு அப்படிப் பட்டியல் இல்லை. விதிக்குள் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும், ஒட்டும் அடுக்கில் கார்பன் மாதிரி நார் வைத்தால் அந்த அடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீட்டர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. யாரிடமாவது செய்யக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் இந்த 0.35-ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நான் பின்னால் கேட்டபோது இவர் "அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு சார்" என்றார். கேள்வியை முன்னாலேயே கேட்டிருந்தால் பணத்தை அனுப்பியிருக்க மாட்டேன்.

நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். என் நண்பர் வேறொருவரிடம் செய்து வாங்கிய பிளேடை நானே ஆடிப் பார்த்திருக்கிறேன், கையில் அருமையாக உட்காரும். அவர் பாதிப் பணம்தான் முன்னால் வாங்கினார், அடுக்குகளை ஒட்டியதும் ஒரு படம், பிடி வைப்பதற்கு முன்னால் ஓரத்தைக் காட்டி ஒரு படம், கடைசியில் தராசில் வைத்து ஒரு வீடியோ என்று கேட்காமலே அனுப்பினார். பெரியமேட்டில் நான் ரப்பர் வாங்கும் கடையில்கூட, கேட்டால் நாலு பிளேடை எடுத்து எடை போட்டுக் காட்டித்தான் கொடுக்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சத்துக்குள் உள்ள விஷயத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாததால் ஜிபே ரசீதும், 86 கிராம் என்று அவரே எழுதிய வாட்ஸ்அப் செய்தியும்தான் என் கையில் இருக்கும் ஆதாரம், நல்லவேளை ஒன்றையும் அழிக்கவில்லை. அந்தக் கறுத்த பஞ்சையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இதே மாதிரி மார்க்கர் கோடு போட்ட பிளேடு வேறு யாரிடமாவது இருந்தால், உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஓரத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.