நாஜிக் கேலிச்சித்திரங்கள்: ஓர் இணையக் காப்பகம்

அமெரிக்காவின் கால்வின் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ஜெர்மன் பிரச்சாரக் காப்பகத்தைப் பார்க்கக் காசு வேண்டாம், ஆங்கிலம் வேண்டும். 1923-இல் நாஜிக் கட்சிக்காரர் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் தொடங்கிய, யூத வெறுப்பைப் பரப்பிய 'டெர் ஸ்டூர்மர்' இதழுக்கு ஃபிப்ஸ் என்ற பெயரில் பிலிப் ருப்ரெக்ட் வரைந்தவை விளக்கத்தோடு இருக்கின்றன. ஆண்டு வரிசையில் பாருங்கள்.

முகத்தில் நிதானியுங்கள். வளைந்த மூக்கு, தடித்த உதடு, பிதுங்கிய கண், மழிக்காத தாடை. வங்கிக்காரரோ கசாப்புக்காரரோ, யூதர் என்றால் அதே முகம்தான். ஆளை வரையவில்லை, அச்சுக் குத்தியிருக்கிறார். அப்புறம் அந்த முகமும் போய்ச் சிலந்தி, பாம்பு. பூச்சியாக வரைந்துவிட்டால் மருந்தடிப்பதுதானே மிச்சம்!

இதழைத் தெருவோரக் கண்ணாடிப் பெட்டிகளில் ஒட்டிவைத்தார்கள். வாங்காதவர் கண்ணிலும் பட்டது. திரையில் அந்த உறுத்தல் தெரியாது. படத்தை மட்டும் வெட்டிப் பகிராதீர்கள். விளக்கம் உதிர்ந்தால் விஷம் மட்டுமே போய்ச்சேரும்.