ஊசியா, "அதுவா போகட்டும்" என்பதா: நோயைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்

வயதான நாய்க்கோ பூனைக்கோ இனிமேல் குணமாகாது என்று டாக்டர் சொன்ன அன்றே வீடு இரண்டு கட்சியாகிவிடும். "ஊசி போட்டு அனுப்பிடலாம், பார்க்க முடியலை" என்பார் ஒருவர். "நம்ம கையாலயா? அதுவா போகட்டும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் வந்திருக்கும் நோய் எது, அது எப்படி முடியும் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நாங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டால் இதன் கடைசி நாள் எப்படி இருக்கும்?"

"அதுவா போகட்டும்" என்று சொல்பவர் மனதில் இருப்பது, இரவு தூங்கிக் காலையில் எழுந்திருக்காத சாவு. அப்படிப் போகும் உயிர்கள் உண்டு. வெறும் மூப்பில் தளர்ந்து, சாப்பாடு குறைந்து, நாள் முழுக்கத் தூங்கும் நாய்க்குக் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதே போதும் என்று ஆகலாம். ஆனால் சிறுநீரகம் கெட்ட நாய்க்கு அப்படி அமைவது அரிது. ரத்தத்தில் கழிவு ஏற ஏற வாயில் புண் வரும், மூச்சில் அம்மோனியா நாற்றம் அடிக்கும், வாந்தி நிற்காது, கடைசியில் வலிப்பும் வரலாம். இது நாள்கணக்கில் இழுக்கும். இதயம் பலவீனமான நாய்க்கு நுரையீரலில் நீர் கோக்கும். அது படுக்க முடியாமல், கழுத்தை நீட்டி உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடும். மண்ணீரலில் கட்டி இருந்தால் நேற்று மாலை வரை வாலாட்டிய நாய் உள்ளே ரத்தம் கசிந்து, ஈறு வெளுத்துத் திடீரென விழலாம். இதய நோயுள்ள பூனைக்கு ரத்தக்கட்டி போய்ப் பின்னங்கால்களின் ரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டால் அது அலறும் அலறலை ஒருமுறை கேட்டவர்கள் "இயற்கையான சாவு" என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

அதனால் இதயமும் நுரையீரலும் சம்பந்தப்பட்ட நோய் என்றால் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மூச்சுத்திணறல் வலியை விடக் கொடியது, அது நடு இரவில், கிளினிக் பூட்டிய பிறகும் முற்றலாம். மண்ணீரல் கட்டியிலும் அப்படித்தான்: நாய் நன்றாக இருக்கும்போதே நாள் குறிப்பது கொடுமையாகத் தோன்றும், ஆனால் அது வெடிக்கும் நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. நோயைக் குணப்படுத்தப் பார்க்காமல், வலியையும் குமட்டலையும் மட்டும் தணித்து வீட்டில் வைத்துப் பார்ப்பது. சிறுநீரக நோயிலும் மெதுவாக வளரும் சில புற்றுநோய்களிலும் இது நல்ல வாரங்களைத் தரும், சில சமயம் மாதங்களையே தரும். தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற டாக்டரே சொல்லிக் கொடுப்பார். வாந்தி நிற்க மருந்து தருவார். எழ முடியாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்து அதில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். நம் ஊர் வெயிலில் இது வெகு சீக்கிரம் நடக்கும். ஆக, பகலெல்லாம் வீட்டில் ஆள் இருக்கிற குடும்பத்துக்குத்தான் இந்த வழி. எல்லோரும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டில் இதைத் தேர்ந்தெடுத்தால், அந்த நாய் தன் மூத்திரத்திலேயே மாலை வரை கிடக்கும். இதைச் சொல்வது குறை சொல்வதற்காக அல்ல. பாசம் இருந்தும் ஆள் இல்லாத வீடுகள் நிறைய.

இந்த வழிக்கு இங்கே இன்னொரு எல்லையும் இருக்கிறது. கடும் வலிக்கான மருந்துகள் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. டிரமடால் என்ற வலி மருந்தும் 2018இல் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எல்லாக் கிளினிக்கிலும் இவை கையிருப்பில் இருக்காது. எலும்புப் புற்றுநோய் போன்ற வலியை வீட்டிலேயே அடக்கிவிடலாம் என்று நம்பி உட்கார்வதற்கு முன், "உங்களால் எந்த மருந்து வரைக்கும் தர முடியும்?" என்று கேட்டுவிடுங்கள். மருந்து கிடைக்கவில்லை என்று வீட்டு மாத்திரையை மட்டும் உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, இருக்கிற வேதனையைக் கூட்டும்.

எப்போது போதும் என்று முடிவு செய்ய, அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்து வரை போட்டு (பத்து என்றால் நல்ல நிலை, பூஜ்யம் என்றால் மிக மோசம்; வலிக்கும் அப்படியே), கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது கணக்கு. மூச்சுவிடும் சிரமத்தை வலியோடு சேர்த்து முதலில் வைத்திருக்கிறார். தினமும் குறித்து வைத்தால் மெல்ல மெல்லச் சரிவது கண்ணுக்குத் தெரியும், அதுவே பெரிய உதவி. ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் நம்பாதீர்கள். சாப்பிடுகிறது, வாலாட்டுகிறது, மூச்சு மட்டும் விட முடியவில்லை என்றாலும் மொத்தம் 40 வந்துவிடும். வலியில் பூஜ்யம் வாங்கிய உயிருக்கு மற்ற ஆறிலும் எவ்வளவு வாங்கினாலும் ஈடாகாது.

ஊசிக்கு வருவோம். சரியாகச் செய்தால் இது இரண்டு கட்டம். முதலில் ஆழ்ந்த மயக்கத்துக்குத் தசையில் ஓர் ஊசி. மயங்கிய பிறகு நரம்பில் மயக்க மருந்தை மிக அதிக அளவில் ஏற்றுவார்கள். மூச்சு நின்று, ஓரிரு நிமிடங்களில் இதயமும் நிற்கும். முதல் கட்டம் இல்லாமல் நேராக மக்னீசியம் சல்ஃபேட்டோ பொட்டாசியம் குளோரைடோ போடுவது நினைவோடு இருக்கும் உயிரைத் திணறடிப்பது. விழித்திருக்கும் விலங்குக்கு அதைப் போடவே கூடாது. "முதலில் மயக்கம் கொடுப்பீர்களா, பிறகு என்ன மருந்து?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மழுப்பலான பதில் வந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். இன்னொன்றும் முன்பே தெரிந்திருக்கட்டும்: கண் மூடாது, சிறுநீர் கழியும், இறந்த பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல உடல் அசையலாம். அது வேதனை அல்ல.

கிளினிக்கிலா, வீட்டிலா? நீர் வற்றிய, மெலிந்த விலங்குக்கு நரம்பு கிடைப்பதே சிரமம். கிளினிக்கில் நல்ல வெளிச்சம், பிடித்துக்கொள்ள ஆள், முன்கூட்டியே கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) போட வசதி எல்லாம் இருப்பதால் குத்திக் குத்தித் தேடுவது குறையும். ஆனால் கூண்டைப் பார்த்தாலே நடுங்கும் பூனைக்கும், தூக்க முடியாத பெரிய நாய்க்கும், மூச்சுத்திணறலில் இருப்பதற்கும் அந்தப் பயணமே தண்டனை. இவற்றுக்கு வீடுதான் சரி. வீட்டுக்கு வரும் டாக்டர் கிடைக்கவில்லை என்றால், கூட்டம் இல்லாத நேரம் கேட்டு வாங்கி, முதல் ஊசியை வண்டியிலேயே போட முடியுமா என்று கேளுங்கள். மறுக்காமல் இறங்கி வரும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

"பாவம் வந்து சேரும்" என்ற பயம் நம் வீடுகளில் நிஜமானது, அதை எள்ளக் கூடாது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தேறவே முடியாத வேதனையில் கிடந்தது. காந்தி டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு அதை முடிக்கச் செய்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அகிம்சை பேசுகிறவர் பசுவைக் கொல்லலாமா என்றார்கள். அவர் பின்வாங்கவில்லை. வேறு வழியே இல்லாத வேதனையை முடித்து வைப்பதும் அகிம்சைதான் என்று எழுதினார். வீட்டுப் பெரியவர்களிடம் மருத்துவம் பேசுவதை விட இதைச் சொல்வது எடுபடும். அப்படியும் மனம் ஒப்பாதவரை வற்புறுத்த வேண்டாம், ஆனால் அந்த விலங்கின் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையை அவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சாகக் கூடாது என்று கொண்டுபோய்த் தெருவிலோ கோயில் வாசலிலோ விடுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட.

உடலைப் பற்றியும் முன்பே பேசி வையுங்கள். மருந்து ஏற்றிய உடலில் அது நாட்பட இருக்கும், தோண்டித் தின்னும் நாயோ காகமோ அதனால் சாகலாம். புதைத்தால் நான்கடிக்குக் குறையாத குழி, கிணற்றிலிருந்து தள்ளி. அடுக்குமாடியில் இருப்பவர்கள் விலங்குகளுக்கான தகன வசதி பக்கத்தில் எங்கே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்குமா என்று டாக்டரிடமே கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.