ஏழு அறைப் பெட்டியும் இரண்டு சூரண டப்பாக்களும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

இங்கே நான் மதிப்பிடுவது ஒரே ஒரு பொருளை அன்று. ஓராண்டாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த சத்து மாத்திரைகள், இரண்டு சூரண டப்பாக்கள், ஒரு கூந்தல் கேப்ஸ்யூல் புட்டி, இவற்றை ஒழுங்குபடுத்த வாங்கிய ஏழு அறை மாத்திரைப் பெட்டி ஆகிய அனைத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். இவற்றைத் தனித்தனியே மதிப்பிட இயலாது என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். ஒரு மாத்திரை இன்னொன்றை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு கேப்ஸ்யூல் இரத்தப் பரிசோதனையின் முடிவையே மாற்றிக் காட்டுகிறது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு சிறந்தது என்பதைவிட, எதை, எந்த வேளையில், எத்தனை நாளைக்கு என்பதே என் அனுபவத்தில் பெரிய கேள்வியாக இருந்தது.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கருத்து உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. எனக்கு வயது 47. பிறந்தது முதல் சைவ உணவுதான். தைராய்டு சுரப்புக் குறைவை ஈடுசெய்யப் பதினோரு ஆண்டுகளாகத் தைராக்சின் மாத்திரை எடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தது. பரிசோதித்ததில் வைட்டமின் டி 11 நானோகிராம், பி12 148 பிக்கோகிராம், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 என்று வந்தது. மூன்றுமே குறைபாடுதான். அதற்கு முன்பே யாரையும் கேட்காமல் நானாக வாங்கிய மல்டிவைட்டமின், கூந்தல் கேப்ஸ்யூல், அமுக்கரா சூரணம், திரிபலா சூரணம் ஆகிய நான்கும் மேசையில் இருந்தன. அத்தனை புட்டிகள் இருந்தும் உண்மையில் குறைவாக இருந்த எதுவும் நிறையவில்லை.

வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷேயை (துகள்கள் அடங்கிய சிறு உறை) வாரத்துக்கு ஒன்று வீதம் எட்டு வாரம் எடுக்கச் சொன்னார் மருத்துவர். இது கொழுப்பில் கரையும் சத்து. வெறும் வயிற்றில் தண்ணீரில் கலந்து குடிப்பதைவிட, நெய்யோ எண்ணெயோ பாலோ சேர்ந்த உணவுக்குப் பின் எடுத்தால் நன்றாக உட்கிரகிக்கப்படும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு தம்ளர் பாலில் கலந்து குடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். துகள்கள் பாலில் எளிதில் கலந்துவிடுகின்றன. சுவை இனிப்பு, உறுத்தவில்லை. மூன்று மாதம் கழித்து அளவு 34க்கு உயர்ந்தது; கால் இழுப்பும் நின்றது. இதுவரை பாராட்டு. குறை உறையின் அச்சில் இருக்கிறது. ‘வாரம் ஒன்று’ என்பது பொடி எழுத்தில் இருப்பதால், எங்கள் பெரியப்பா இதே சாஷேயைத் தொடர்ந்து மூன்று நாள் குடித்துவிட்டார். தற்செயலாக நான் அங்கே சென்றதால் நிறுத்த முடிந்தது. தேவைக்கு மேல் போனால் சிறுநீரில் வெளியேறிவிடும் சத்து அன்று இது. உடலில் தங்கி, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுசெல்லக்கூடியது. வீட்டில் முதியவர்கள் இருந்தால் உறையின் மேல் தடித்த பேனாவால் கிழமையை எழுதிக் கொடுங்கள்.

பி12 மாத்திரையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. நான் எடுப்பது பி12இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின், 1500 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடலுக்குத் தேவைப்படுவது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். ஆனால் இவ்வளவு பெரிய அளவில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே உடலில் சேர்கிறது என்பதால் எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. முட்டைகூடச் சேர்க்காத சைவ உணவுக்காரர்களும், சர்க்கரை நோய்க்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் ஒருமுறையாவது பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. மெட்ஃபார்மின் அதன் உட்கிரகிப்பைக் குறைக்கிறது.

மிகுந்த சிக்கல் கொடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. அதன் தரத்தில் குறையில்லை. என் காலை வேளையில் அதற்கு இடமில்லாமல் போனதே காரணம். ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றில் தைராக்சின். அதன் பின் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காபி கூடாது. இரும்பும் கால்சியமும் தைராக்சினைப் பிணைத்துக்கொள்வதால் அவற்றுக்கும் தைராக்சினுக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். காபியும் தேநீரும் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும், கால்சியமும் அப்படியே. நானோ காலை எட்டு மணிக்கு, இட்லி முடிந்து டிகாக்‌ஷன் மணக்கும் இரண்டாவது காபியோடு, இரும்பையும் கால்சியத்தையும் மல்டிவைட்டமினையும் ஒரே வாயில் விழுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் அப்படி விழுங்கியும் ஃபெரிட்டின் 9லிருந்து 11க்குத்தான் நகர்ந்தது. பிறகு மருத்துவர் வேளையை மாற்றினார். முற்பகல் பதினொன்றரை மணிக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றுடன் இரும்பு. இரவுச் சாப்பாட்டுடன் கால்சியம். எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்பு சேர உதவுகிறது. ஒருநாள் இடைவெளிக்கும் காரணம் உண்டு: ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது, அது ஏறத்தாழ ஒருநாள் வரை அடுத்த வேளை இரும்பைச் சேரவிடாமல் தடுக்கிறது. நான்கு மாதத்தில் ஃபெரிட்டின் 38 ஆனது. அதே மாத்திரைதான், மாறியது எடுக்கும் முறை மட்டுமே. மலம் கறுப்பாகப் போகும்; அது இயல்பு. கால்சியம் அட்டையை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராம்தான். பெரிய எண்ணைப் பார்த்து வேறொன்றோடு ஒப்பிட வேண்டாம்.

இனி, நான் யாருக்கும் பரிந்துரைக்காத பொருள். முடி கொட்டுகிறது என்று இணையத்தில் வாங்கிய கூந்தல் கேப்ஸ்யூலில் பி வகை வைட்டமினான பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் இருந்தது. உடலின் அன்றாடத் தேவை சில பத்து மைக்ரோகிராம்தான். மூன்றாம் மாதம் வழக்கமான தைராய்டு பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 கூடுதலாகவும் வந்தது. தைராக்சின் அளவு மிகுந்துவிட்டது போன்ற தோற்றம். மருந்தைக் குறைக்க எழுதப்போன மருத்துவர், நல்லவேளையாக, வேறு என்னென்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு கருவியாகப் பயன்படுகிறது. நம் இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் கணக்கே பிறழ்ந்து, டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைந்தும் டி4 உள்ளதைவிடக் கூடியும் தெரியும். கேப்ஸ்யூலை நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டும் சரியான எல்லைக்குள் இருந்தன. அன்று அவர் கேட்காமல் இருந்திருந்தால், தேவையான மருந்தைக் குறைத்து, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்திருப்போம். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையையும் பயோட்டின் இப்படிப் பிழையாக்கக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. என் புட்டியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. முடி கொட்டுவது குறைந்ததா என்றால், இரும்பு ஏறிய பிறகுதான் குறைந்தது.

சூரணங்களுக்கு வருகிறேன். அமுக்கரா சூரணம் வெறும் அமுக்கராக் கிழங்குப் பொடி என்றே நினைத்திருந்தேன். டப்பாவின் பின்புறத்தைப் படித்த பிறகுதான் அதன் அமைப்பு புரிந்தது. மரபான செய்முறையில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இரு மடங்காக ஏறும். அழகான கணக்கு. ஆனால் கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 255 பங்கில் பாதி சர்க்கரை, கால்வாசியே அமுக்கரா. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைப் பாலில் கலந்து இருவேளை எடுக்கும் முன் இந்தக் கணக்கை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடையில் அமுக்கராவின் வடமொழிப் பெயரான ‘அஸ்வகந்தா’ என்ற பெயரில் கிடைக்கும் கேப்ஸ்யூல்கள் வேறு பொருள். அவற்றில் பெரும்பாலும் கிழங்கின் செறிவூட்டிய சாரமே இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதி அளவை மாற்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

அமுக்கராவால் எனக்குத் தூக்கம் வந்ததா? முதல் மாதம் நன்றாகத் தூங்கினேன் என்பது உண்மை. அதே மாதத்தில்தான் வைட்டமின் டியும் இரும்பும் தொடங்கியிருந்தேன். ஆகவே இதனால்தான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் காட்டிய சித்த மருத்துவர், அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும் என்பதால் தைராக்சின் எடுப்பவர் தானாக இதைத் தொடரக் கூடாது என்றார். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு; கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. சூரணத்தின் மணமும் அரைப்பின் நயமும் சிறப்பாகவே இருந்தன. நாக்கில் மண் தட்டுப்படவில்லை. பொருள் நல்லது, எனக்கு உரியது அன்று.

திரிபலா மட்டும் தொடர்கிறது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றும் சேர்ந்த இதை இரவு படுக்கும் முன் வெந்நீரில் எடுக்கிறேன். இரும்பு மாத்திரையால் வந்த மலச்சிக்கலுக்கு இதுவே தீர்வானது. துவர்ப்பு மிகுந்த பொருள் இரும்பைப் பிணைக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே அரை நாள் இருப்பது வசதி. சென்னை திருவான்மியூரில் உள்ள இம்ப்காப்ஸ் தயாரிப்பைத்தான் எங்கள் வீட்டில் நெடுங்காலமாக வாங்குகிறோம். 1944இல் இந்திய மருத்துவர்களே கூடித் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. அவர்களின் சூரணத்தில் துவர்ப்பு தூக்கலாகவும் புதிதாகவும் இருப்பது எனக்குப் பிடிக்கும். சிறிய டப்பாவாகவே வாங்குங்கள். சித்த நூல்கள் சூரணத்துக்கு மூன்று மாதமே ஆயுள் சொல்கின்றன. டப்பாவில் அச்சிட்ட கெடு அதைவிட நீண்டது என்றாலும், நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மூடியைத் திறந்து திறந்து மூடினால் பொடி கட்டிபட்டு மணம் போய்விடுகிறது. ஈரக் கரண்டி படவே கூடாது.

இந்த மரபில் நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. மருந்தோடு அனுபானம் (மருந்தைச் சேர்த்து உண்ணும் பால், தேன் போன்றவை) இன்னது, பத்தியம் இன்னது, ஒரு மண்டலம் அதாவது 48 நாள் என்று தொடக்கமும் முடிவும் சொல்லியே கொடுப்பார்கள். இணையத்தில் வாங்கிய என் புட்டிகளில் அந்த முடிவு நாள் இல்லை. தீர்ந்தால் அடுத்த புட்டி தானாக வீட்டுக்கு வரும் ஏற்பாடுதான் இருந்தது. மல்டிவைட்டமினை நிறுத்தியதும் இதனால்தான். அதில் இரும்பும் கால்சியமும் ஒரே மாத்திரையில் இருந்ததோடு, பயோட்டினும் இருந்தது.

வாங்கும்போது உறையில் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் இந்தப் புட்டிகள் மூன்று வகை விதிகளுக்கு உட்பட்டவை. சாஷே மருந்து. மல்டிவைட்டமினும் கூந்தல் கேப்ஸ்யூலும் பெரும்பாலும் உணவு வகை. அவற்றில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற வாசகமும் இருக்கும். சூரணம் சித்த மருந்து. அதில் தயாரிப்பு உரிம எண்ணும், எந்தச் சரக்கு எவ்வளவு என்ற பட்டியலும் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவை, யார் பரிந்துரைத்தாலும், நான் இப்போது தொடுவதில்லை.

செலவு மாதம் ஏறக்குறைய 1,900 ரூபாயிலிருந்து 450 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. வேண்டாதவற்றை நிறுத்தியது ஒரு காரணம்; மீதியை ஒன்றிய அரசுத் திட்டத்தின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்தில் அதே மூலப்பொருள், அதே அளவு பார்த்து வாங்குவது இன்னொரு காரணம்.

கடைசியாக, ஏழு அறைப் பெட்டி. மறதிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. போட்டேனா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டாவது முறை விழுங்குவது அடியோடு நின்றது. ஞாயிறு மாலை பத்து நிமிடம் உட்கார்ந்து நிரப்புகிறேன். ஆனால் அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகள் மழைக்காலத்தில் ஈரம் கண்டு பிசுபிசுக்கின்றன; ஆகையால் அட்டையோடு கத்தரித்துப் போடுகிறேன், ஒரு வாரத்துக்கு மேல் நிரப்புவதில்லை. தைராக்சினை மட்டும் இதில் சேர்க்காமல் படுக்கையருகே தனியாக வைத்திருக்கிறேன். எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கும் பழைய வழக்கம் திரும்பிவிடும். எட்டாம் மாதம் வெள்ளிக்கிழமை அறையின் மூடிக் கீல் உடைந்துவிட்டது. வாங்கும்போது ஏழு மூடியையும் திறந்து மூடிப் பார்த்து, கீல் தடிப்பாக உள்ளதாக எடுங்கள்.