ஒழுங்கைக்குள் இருக்கும் வேதாகமக் கடை: எந்தச் சபைக்காரரும் தைரியமாகப் போகலாம்

பைபிள், செபமாலை, பாட்டுப் புத்தகம், பெரிய மெழுகுதிரி என்று எது தேவைப்பட்டாலும் முன்பு எங்கள் வீட்டில் யாராவது கொழும்புக்குப் போகும்வரை காத்திருப்போம். இப்போது அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. திருகோணமலை மத்திய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற சின்னக் கடைதான் காரணம். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. 'வேதாகமக் கடை' என்றால் ஓட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார்.

உள்ளே போனதும் கடைக்கார அக்கா கேட்கும் முதல் கேள்வி, "எந்தச் சபை பிள்ளை?"

கேட்டதும் சுருக்கென்றுதான் இருக்கும். ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விக்குப் பின்னால் வழக்கமாக ஒரு பிரசங்கம் வரும், இல்லாவிட்டால் முகத்தில் ஒரு சுளிப்பு. இவர் கேட்பது சரியான பைபிளை எடுப்பதற்கு. கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், மெதடிஸ்தரான எங்களுக்கு 66. தோபித்து, மக்கபேயர் என்ற நூல்கள் இல்லாத பைபிளை கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு விற்றால் அடுத்த நாள் திருப்பிக் கொண்டு வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அக்கா ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். புனிதர்களிடம் வேண்டுதல் செய்வதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று கேட்டால் நேராகவே சொல்வார், மழுப்ப மாட்டார். ஆனால் கடையில் இருக்கிற அந்தோனியார் சுரூபம் தூசியில்லாமல் இருக்கிறது. எனக்குப் பிடித்ததே இதுதான். எல்லாம் ஒன்றுதான், எல்லாம் ஒரே கடவுள்தான் என்று மேலோட்டமாகப் பூசி மெழுகுகிற ஆள் இல்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, அவரவருக்கு வேண்டியதை அவரவர் முறைப்படி தேடிக் கொடுக்கிறார்.

என் தங்கச்சி பாலையூற்றில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கலியாணம் செய்தவள். அவளுடைய மகளின் முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, என்ன கொடுப்பது என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை, போதாததற்கு எங்கள் பெரியம்மா வேறு 'செபமாலை எல்லாம் நாங்கள் வாங்கிக் கொடுக்கலாமோ' என்று குழப்பிவிட்டார். அக்காவிடம் சொன்னேன். வெள்ளை மணிச் செபமாலை நாலைந்தை மேசையில் பரப்பினார். அப்புறம் ஒவ்வொன்றையும் எடுத்து, வாய் அசையாமல், பெருவிரலால் மணிமணியாகத் தள்ளி எண்ணினார். ஒன்றில் மூன்றாவது பத்தில் ஒன்பது மணிதான். "இது பிழை, பிள்ளை செபிக்கேக்க தடுமாறும்" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். வாழ்க்கையில் ஒருநாளும் செபமாலை சொல்லாத மனுசி! "சும்மா குடுத்திட்டு வராதைங்கோ, பூசை முடிய சுவாமியிட்டக் குடுத்து மந்திரிச்சு எடுங்கோ, அவைக்கு அது முக்கியம்" என்று வேறு சொல்லிவிட்டார். தங்கச்சியின் மாமியார் இன்றைக்கும் அந்தப் பரிசைப் பற்றிக் கதைப்பார்.

ரோமர் 14 இல் பவுல் இதைத்தானே கேட்கிறார். ஒருவன் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறான், ஒருவன் எல்லாம் சாப்பிடுகிறான், ஒருவனுக்கு ஒரு நாள் விசேஷம், இன்னொருவனுக்கு எல்லா நாளும் ஒன்று, அடுத்தவனுடைய வேலைக்காரனைத் தீர்ப்பிட நீ யார் என்று. எங்கள் போதகர்மார் அந்த அதிகாரத்தை அடிக்கடி எடுக்கிறதில்லை, ஏனோ தெரியாது.

ஒருநாள் நான் நிற்கும்போதே ஒரு பிரச்சினை வந்தது. வயதான அம்மா ஒருவர் குவாடலூப்பே மாதா படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இளம் பொடியன் ஒருவர், ஏதோ புதுச் சபை போல, விக்கிரகம் அது இது என்று தொடங்கினார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அக்கா சத்தம் போடவில்லை. "தம்பி, 2019 உயிர்ப்பு ஞாயிறு கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்புச் சீயோன் மூண்டிலயும் குண்டு வெடிச்சது ஒரே நாள்தானே" என்றார், அவ்வளவுதான். பிறகு படத்தின் அளவைப் பார்க்கப் போய்விட்டார். முதல் இரண்டும் கத்தோலிக்கக் கோயில், மூன்றாவது சுயாதீன சபை என்று அந்தப் பொடியனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார், மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

கடை வாசலும் அப்படித்தான். பாலையூற்று லூர்து அன்னை திருநாள் நோட்டீசுக்குப் பக்கத்திலேயே சுகமளிக்கும் கூட்டத்து நோட்டீஸ். ஜனவரி 18 முதல் 25 வரை வருகிற கிறிஸ்தவ ஒன்றிப்புச் செப வாரத்துக்கு இரண்டையும் நகர்த்தி நடுவில் ஒன்று ஒட்டுவார்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். எந்தப் பொருளிலும் விலை ஒட்டியிருக்காது, ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். கார்ட் எடுக்க மாட்டார்கள். ஸ்பீக்கரில் போகும் துதிப்பாட்டுச் சத்தத்தில் நாங்கள் கேட்கிறது அவருக்குக் கேட்காது, அவர் சொல்வது எங்களுக்குக் கேட்காது. சுவரில் மாட்டும் மரச் சிலுவைகளில் பசை சரியில்லை, எங்கள் வீட்டுச் சிலுவையின் குறுக்குக் கட்டை மாரி மழை தொடங்கியதும் கழன்று விழுந்தது. ஆணி அடித்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

பைபிள் கட்டுவது மட்டும் முதல்தரம். அப்பாவின் பழைய வேதாகமத்தைப் பக்கம் பக்கமாகக் கழன்ற நிலையில் கொடுத்தேன். நூல் போட்டுத் தைத்து, கறுப்பு ரெக்சின் அட்டை போட்டு, ஓரத்தில் அப்பா எழுதி வைத்திருந்த குறிப்புகள் வெட்டுப்படாமல் தந்தார்கள். சொன்ன நாளுக்குத் தரவில்லை, ஆனால் அதற்காகக் கோபிக்க மனம் வரவில்லை.

ஞாயிறு பூட்டு. மற்ற நாட்களில் மத்தியானம் சாப்பாட்டுக்கும் பூட்டுவார்கள், அதனால் காலையில் போவது நல்லது. உயிர்ப்பு விழாவுக்கு ஏற்றும் பெரிய பாஸ்கா மெழுகுதிரி வேண்டுமென்றால் தவக்காலம் தொடங்க முன்பே சொல்லி வையுங்கள், பெரிய வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது.